மற்றபடி இல்லை

தேவகோட்டைக் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை மாடியில் என் அலுவலகம்.
மதியம் இருதயசாமி வந்தார், பின்னாலேயே பொன்னழகு.
செல்போனை மேசையில் வைத்தார்,
சூடான சட்டியை இறக்குவதுபோல.

படம் அவர் எடுத்தது.
கானாடுகாத்தான் ஊருணி, வைகாசி விடியல்,
படித்துறையில் குடத்தோடு பொன்னழகு.
தண்ணீர் அன்றைக்குப் பச்சை.
போஸ்டரில் கறுப்பு.
மேலே எனக்குத் தெரியாத மொழியில் ஒரு வரி;
யாரோ பெயர்த்துக் கொடுத்திருந்தார்கள்:
‘நாளை இவர்கள் உன் தெருவில்.’
ஓரத்தில், எழுத்துப் பிசகாமல்,
‘படம்: இருதயசாமி, காரைக்குடி.’

ஆறு வருஷத்துக்கு முன் அவரே அழுத்திய பொத்தான்.
யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம்,
பெயரைச் சொன்னால் போதும்.
சொல்லியிருக்கிறார்கள்.
மாற்றியதையும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.
ஒப்பந்தத்தை இவ்வளவு ஒழுங்காக மதித்தவர்களை
என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

“மாட்டை வித்தாலும் கயித்தை நாமதான வச்சுக்குவோம்,
வக்கீலம்மா?”

ஆமாம். தார்மீக உரிமை என்று அதற்குப் பெயர்.
நம் சட்டத்தில் ஐம்பத்தேழாம் பிரிவு:
விற்ற பிறகும், மானம் போகும்படி சிதைத்தால் கேட்கலாம்.
பிரான்சில் கயிற்றை விற்கவே முடியாது,
ஆள் செத்தாலும் அது சாகாது.
இங்கிலாந்தில், பெயர் வேண்டுமென்றால்
வேண்டுமென்று முதலில் எழுதிவைக்க வேண்டும்.
அமெரிக்காவில், புகைப்படமென்றால்,
கண்காட்சிக்கு எடுத்து, கையெழுத்திட்டு,
எண் போட்ட இருநூறு பிரதிக்குள்.

“ஊருணிக்கு நம்பர் போடலயேம்மா நான்.”

இத்தனை ஊர்ப் பூட்டுக்கும் ஒரே சாவி என்பதால்
உரிமத்தின் மொழி கொஞ்சம் வழுக்கும்:
அந்த உரிமையை நான் தரவில்லை;
ஆனால் இயன்ற வரையில்,
இது செல்லத் தேவையான அளவுக்கு மட்டும்,
அதைக் கேட்காமல் இருப்பேன்.
மற்றபடி இல்லை.

அந்த ‘மற்றபடி இல்லை’க்குள் நின்றுதான்
நாம் வழக்காட வேண்டும் என்றேன்.
இரண்டு பேர் நிற்க இடம் காணாது.

என் மேசையில் ஒரு பித்தளைச் சொம்பு,
முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியது.
கழுத்தோரம் ‘வெ.சி.அழ.’ என்று உளி எழுத்து.
யார் வீட்டு விலாசமோ.
தேய்த்துத் தரவா, முந்நூறு ரூபாய், என்றார் கடைக்காரர்.
வேண்டாமென்று பேனா போட்டு வைத்திருக்கிறேன்.
அதையே பார்த்துக்கொண்டிருந்த இருதயசாமி கேட்டார்:
“என் பேரை எடுக்கச் சொல்லலாமா?”

சொல்லலாம். அது நேராகவே எழுதியிருக்கிறது.
பெயருக்காக எழுதிய தாள்
பெயரை அழிக்கும் இடத்தில்தான்
எந்த நாட்டிலும் திக்காமல் பேசுகிறது.

மெயில் தட்டத் தொடங்கினேன்.

பொன்னழகு செல்போனைத் தன் பக்கம் திருப்பினாள்.
இரண்டு விரலால் படத்தை விரித்தாள்.
“ஏழு பேரு நிக்கிறாக,” என்றாள்.
“ஏழும் நாந்தான்.”
பின்னாலிருந்த ஒருத்தியை நகத்தால் தொட்டாள்.
“இவளுக்கு மூக்குத்தி வலப்பக்கம்.
திருப்பிப் போட்டிருக்காக.”

ஒரு வரி உண்டு:
படத்தில் இருப்பவரின் தோற்றம், அந்தரங்கம்,
அவையும் இதில் அடங்கா.
அடங்காதது யார் கையில் இருக்கிறதென்று
அந்த வரி சொல்வதில்லை.

“அவரு பேரை எடுத்துருவாக.
எம் பேரு எங்க இருந்துச்சு, எடுக்க?”

தட்டியதை அழித்தேன்.
அனுப்புநர்: இருதயசாமி,
காற்புள்ளிக்குப் பிறகு கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
இனிஷியல் கேட்டேன்.

“ரெண்டு இருக்கு,” என்றாள்.
“அப்பா வீட்டுது ஒண்ணு, புருசன் வீட்டுது ஒண்ணு.
எதுக்கு அவுக பயப்படுவாக?”